1884 என்று தைத்திருந்த தொப்பி

முல்லா வீதி, புதுச்சேரி
14 ஜனவரி 2024

மகன் ஃபஹீமுக்கு அம்மாவின் ஸலாம்.

நான் அந்தத் தொப்பியை விற்றுவிட்டேன் என்று மூலக்குளத்தில் பேச்சு. கடற்கரைப் பக்கத்துப் பழம்பொருள் கடையில், ஒரு வெள்ளைக்காரருக்கு என்று விவரம் வேறு. அது பொய். இந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டியைக்கூட நான் விற்றதில்லை. தொப்பி உன் அத்தாவின் அலமாரியில், மேல்தட்டில், மல்துணியில் சுற்றி, எப்போதும் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

பேச்சைக் கொண்டுவந்தவள் உன் சித்தி மகள் நூரீன். நேற்று வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள்.

"பெரிம்மா, தொப்பி இருக்குதா, போயிடுச்சா? ஃபஹீம் அண்ணன் போன்ல கேக்குது."

"என்னைக் கேக்க வேண்டியத உன்னை ஏன் கேக்கறான்?"

"நீங்க போன எடுத்தாதானே."

நான் தொலைபேசியில் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். காற்றில் சொன்னதை நாளைக்கு எப்படியும் மாற்றிச் சொல்லலாம். எங்கள் கான்வென்டில் ஒரு கைக்குட்டை தொலைந்தாலும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக நீ பெருநாளுக்கு ஓர் அட்டை அனுப்புகிறாய், நானும் ஓர் அட்டை அனுப்புகிறேன். இப்போது திடீரென்று தொப்பியை ஏன் தேடுகிறாய் என்று எழுது.

இங்கே முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. உன் வீட்டில் அனைவரும் நலம் என்று எண்ணுகிறேன்.

அம்மா,
கனீஸ் பாத்திமா பக்ருதீன்

*

லிண்டர்பர்ன், ஸ்காட்லாந்து
9 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்தபோது முதலில் பயந்துபோனேன். கெட்ட செய்தி இல்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

நான் இந்த ஊர் நூலகத்தில் காவலாளி வேலை பார்க்கிறேன் என்று முன்பு அட்டையில் எழுதியிருந்தேன். கதவு திறப்பது, பூட்டுவது, குழாய் உடைந்தால் பார்ப்பது. நவம்பரில் கீழறையைக் காலி செய்யச் சொன்னார்கள். சுவரோடு ஒட்டி ஒரு பெரிய புகைப்படம் கிடந்தது. பதினைந்து பேர், மீசையும் முழங்கால் வரை கால்சட்டையுமாக. ஒவ்வொருவர் தலையிலும் நம் வீட்டுத் தொப்பி.

அம்மா, நான் மிகைப்படுத்தவில்லை. வெல்வெட்டு, ஆறு துண்டாக வெட்டித் தைத்தது, ஓரத்தில் சரிகை, உச்சியிலிருந்து தொங்கும் குஞ்சம். முன்பக்கம் 1884. எண்ணுக்கு மேலே அந்த மாதுளம்பழம். நகல் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அவர்கள் இந்த ஊர் ரக்பி சங்கத்து ஆட்டக்காரர்கள். முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எதிராளிகள் மேலே விழுந்து பிடுங்குவார்கள். கம்பளி ஆலைத் தொழிலாளர்கள் 1874இல் தொடங்கிய சங்கம். 1884இல் சுற்றுவட்டார ஊர்கள் அத்தனையையும் வென்றார்கள், அதற்காகப் பதினைந்து பேருக்கும் தொப்பி கொடுத்தார்கள். 1893இல் சங்கம் கலைந்துவிட்டது. தொடங்கி நூற்றைம்பது ஆண்டு ஆகிறது என்று நூலகர் திருமதி பெய்ர்ட் ஒரு சிறு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார். அக்டோபரில் அச்சுக்குப் போகும். பதினைந்து தொப்பியில் எங்கேயும் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று எழுதி வைத்திருந்தார். எனக்கு ஒன்று தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

தொப்பியின் உட்புறத்தில் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் போடுங்கள். உங்கள் பேரன் அய்மானுக்கு ஒன்பது வயது முடிகிறது. ஃபரீஹா ஸலாம் சொல்கிறாள்.

மகன் ஃபஹீம்

*

புதுச்சேரி
2 மார்ச் 2024

மகன் ஃபஹீமுக்கு ஸலாம்.

நகலைப் பார்த்தேன். மீசைகள் நன்றாக இருக்கின்றன.

நம்முடையது துருக்கித் தொப்பி. உன் அத்தாவின் பாட்டனாருக்குப் பாட்டனார் மதார் சாயபு கப்பலுக்குத் துணி கொடுத்தார். துணியின் நயத்தைக் கண்டு துருக்கி சுல்தான் தன் ஆள் மூலமாக அனுப்பி வைத்தது அது. சுவனத்துக் கனி என்பதால் மாதுளை. மதார் சாயபுவின் மகன் இபுராகீமில் தொடங்கி உன் அத்தா வரை நான்கு மாப்பிள்ளைகள் அதை அணிந்துதான் நிக்காஹுக்கு உட்கார்ந்தார்கள். பெண்ணின் தகப்பனார் தட்டோடு நம் வாசலுக்கு வருவார். தொப்பியைத் தட்டில் வாங்கிக்கொண்டு போய்த் தன் கையால் மாப்பிள்ளை தலையில் வைப்பார். கடலூரிலிருந்தும் அதைப் பார்க்க ஆட்கள் வந்ததுண்டு. இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல.

உன் படத்தில் ஒவ்வொரு தொப்பிக்கும் நெற்றிக்கு மேலே ஒரு சிறு கூரை நீட்டிக்கொண்டிருக்கிறது. நம்முடையதில் அது இல்லை. ஆகவே இரண்டும் ஒன்றல்ல.

உட்புறத்தில் பச்சை சாட்டின் துணி. எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை.

ஆனாலும் ஒரு சங்கத்தின் வரலாற்றை எழுதுவதானால் ஒழுங்காக எழுத வேண்டும். ஏன் கலைந்தது என்று நீ சொல்லவே இல்லை. யார் யார் ஆடினார்கள், என்ன தொழில் செய்தார்கள், எங்கே போனார்கள்? தெரிந்தால் எழுது.

நோன்பு வரப்போகிறது. குளிர் நாட்டில் நோன்பு எப்படியோ. விடியுமுன் சஹருக்கு வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

அம்மா

*

லிண்டர்பர்ன்
25 மார்ச் 2024

அன்புள்ள அம்மாவுக்கு ஸலாம்.

நோன்பு பதினைந்து முடிந்தது. நூலகத்தில் என் மேசைக்கு எதிரே யாரும் காப்பி குடிப்பதில்லை. நான் கேட்கவில்லை, அவர்களாகவே செய்கிறார்கள்.

நீங்கள் கேட்டதால் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டை முழுக்கப் படித்தேன். அவர்கள் ஆடிய திடல் சரிவான மேய்ச்சல் நிலம். முதல் பாதியில் மேட்டை நோக்கி ஓடி இளைத்துவிட்டு, பிற்பாதியில் பள்ளத்தை நோக்கி ஓடி ஜெயிப்பார்களாம். வெளியூர்க்காரர்கள் இதற்கே சண்டை போட்டிருக்கிறார்கள். முதல் சில ஆண்டுகள் பந்துக்குள் இருந்தது பன்றியின் மூத்திரப்பை. அதை வாயால் ஊதுவதற்கென்று ஓர் ஆள், ஊதியதற்கு அவருக்குக் கூட்டத்தில் நன்றித் தீர்மானம். 1891இல் ஆலை எரிந்தது. நெசவாளிகள் கனடாவுக்கும் இந்தியாவுக்கும் போனார்கள். கடைசி ஆட்டத்துக்குப் பதினோரு பேர்தான் சேர்ந்தார்கள். எதிரணியிடமிருந்து நான்கு பேரைக் கடன் வாங்கி ஆடித் தோற்றார்கள். குறிப்பேடு அத்துடன் நிற்கிறது.

நமக்கு வேண்டிய ஆள் மெல்ட்ரம். தறி பூட்டும் மெக்கானிக். 1888இல் புதுச்சேரியில் ஓர் ஆலைக்குத் தறி பூட்டப் போனார். சங்கத்தை விட்டுப் போகிறவர் தொப்பியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அவர் தரவில்லை. மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை என்று 1890இல் பெயரை நீக்கியிருக்கிறார்கள். 'சங்கத்தின் பொருளைக் கையாடியவர்' என்று பெயருக்கு எதிரே சிவப்பு மை. குறிப்பேட்டில் வெறும் மெல்ட்ரம் என்றுதான் இருக்கிறது. முதல் பெயர் எங்கேயும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.

கூரை இல்லை என்கிறீர்கள். சிறுவயதில் அதை எடுத்து விரலால் தடவியிருக்கிறேன். நெற்றிப் பக்கம் வரிசையாக ஊசித் துளை உண்டு. தொழும்போது ஸஜ்தாவில் நெற்றி தரையில் படாது என்று யாரோ கூரையைப் பிரித்திருக்க வேண்டும். மாதுளை என்று நாம் சொல்வது இந்த நாட்டுச் சின்னமான முட்செடிப் பூ. இன்னொன்று. சுல்தான் ஏன் ஆங்கில ஆண்டைத் தைத்தார் என்று ஏழு வயதில் கேட்டேன். முழங்கால் போட வைத்தீர்கள். பச்சை சாட்டின் பிறகு தைத்த உட்துணி என்று நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள் அம்மா.

போன கடிதத்தில் ஃபரீஹா ஸலாம் சொன்னதாக எழுதினேன். உங்கள் பதிலில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பன்னிரண்டு அட்டையிலும் 'உன் வீட்டில் அனைவரும்' என்றுதான் இருக்கிறது. அவளுக்குப் பெயர் உண்டு. தட்டு எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு அவளுடைய அத்தாவும் வந்தார். வெறும் தட்டோடு திரும்பினார். "ஒங்கம்மாவுக்குக் காய்ச்சல் தம்பி. தூங்கறாங்க, எழுப்ப வேணாம்னு வந்துட்டேன்" என்றார். பிறகு பள்ளிவாசல் கதவோரம், தொப்பி கொண்டு வராதவர்களுக்காகக் கூடையில் போட்டிருப்பார்களே, அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தொப்பியை எடுத்துத் துடைத்து என் தலையில் வைத்தார். இதை நான் எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன், கிழிக்கப் போவதில்லை.

ஃபஹீம்

*

புதுச்சேரி
22 ஏப்ரல் 2024

மகன் ஃபஹீமுக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது.

பத்து நாள் முன்பு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். சமையலுக்கு வரும் மாலாவை, தினமும் சொட்டு மருந்து விட வைத்துக்கொண்டேன். அவள் கண்ணில் விடுவதைவிடக் காதில் விட்டதுதான் அதிகம். இப்போது தெளிவாகத் தெரிகிறது. தூசிகூடத் தெரிகிறது.

பன்றியின் சமாசாரம் எனக்குத் தேவையில்லை. பந்துக்குள் என்ன இருந்தால் என்ன, தொப்பி தலையில் இருந்தது.

வேறொன்று கேட்கிறேன். ஆர்ச்சிபால்ட் மெல்ட்ரம் கையாடியவர் என்று அந்தப் புத்தகத்தில் அச்சிடப் போகிறார்களா? ஒரு மனிதன் பதில் போடவில்லை என்பதால் அவன் திருடன் ஆகிவிடுவானா? தபால் தொலையலாம். எழுதிய கடிதம் தபாலுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். இறந்தவர்களைப் பற்றி அச்சில் போடும்போது கவனம் வேண்டும் என்று அந்த நூலகரிடம் சொல்.

உன் கடிதத்தின் பிற்பகுதியைப் படித்தேன்.

அம்மா

*

லிண்டர்பர்ன்
18 மே 2024

அன்புள்ள அம்மாவுக்கு ஸலாம்.

கண் தெளிந்தது பற்றி அல்ஹம்துலில்லாஹ். மாலாவுக்கு என் நன்றி, காதுக்கும் சேர்த்து.

திருமதி பெய்ர்ட் குறிப்பேட்டில் இருப்பதைத்தான் அச்சிடுவார். வேறு ஆதாரம் இல்லாமல் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டார், அதில் அவர் உங்களைப் போல. மெல்ட்ரமின் தங்கை வழிப் பேத்தி ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து வந்தார். எண்பது வயது. எங்கள் குடும்பத்தில் அவர் பேச்சையே எடுக்க மாட்டோம், அந்த வரியை விட்டுவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்று திருமதி பெய்ர்ட் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

அம்மா, அவருடைய முதல் பெயரை ஞானஸ்நானப் பதிவேட்டில் போன செவ்வாய்க்கிழமைதான் கண்டுபிடித்தோம். ஆர்ச்சிபால்ட். உங்கள் கடிதத்தில் ஏப்ரல் 22 என்று தேதி இருக்கிறது.

உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஃபஹீம்

*

லிண்டர்பர்ன்
30 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு ஸலாம்.

ஆறு வாரமாகப் பதில் இல்லை. நீங்கள் நலமாக இருப்பதாக நூரீன் சொன்னாள். மீன்காரியோடு சண்டை போட்டீர்கள் என்றும் சொன்னாள், அதனால் நம்பினேன்.

கேள்வி அப்படியே இருக்கிறது. புத்தகம் அக்டோபர் முதல் தேதி அச்சுக்குப் போகிறது.

ஃபஹீம்

*

புதுச்சேரி
5 ஆகஸ்ட் 2024

மகன் ஃபஹீமுக்கு ஸலாம்.

மீன்காரியோடு நான் சண்டை போடவில்லை. தேங்காய்த்திட்டு மீன்துறையில் காலையில் ஏலம் எடுத்தது என்றாள். செவுளைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினாள். முந்தைய நாள் மீன் என்று சொன்னேன். அவ்வளவுதான்.

இங்கே மழை ஏமாற்றுகிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் பூச்சு உதிர்கிறது. நூரீனின் மகள் சேதராப்பட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் கணக்கர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நல்ல பெண், எழுத்துப்பிழை அதிகம்.

நூரீன் வந்தபோது நான் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்துவிட்டாள்.

"என்ன பெரிம்மா, ஒரு மணி நேரமா தொப்பிய மடியில வெச்சிக்கினு? மாலா சொன்னா, பயந்துட்டேன்."

"தூசு தட்றேன்."

"தட்டுங்க தட்டுங்க. அண்ணன் கேக்கறது தொப்பியயா?"

"வேற என்னத்த?"

"ஏன் குடுக்கலன்னு கேக்குது. பன்னெண்டு வருசமா அதத்தான் கேக்குது. எனக்கே புரியுது, கான்வென்ட்ல படிச்ச உங்களுக்குப் புரியலயா?"

காப்பி குடித்துவிட்டுப் போ என்றேன். குடித்துவிட்டுப் போனாள்.

நீ கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. பதில் தெரியாமல் அல்ல.

அம்மா

*

லிண்டர்பர்ன்
27 ஆகஸ்ட் 2024

அம்மாவுக்கு ஸலாம். இங்கே எல்லோரும் நலம்.

இனி நான் கேட்கப் போவதில்லை. தொப்பி உங்களுடையது. மெல்ட்ரமின் பெயர் குறிப்பேட்டில் இருப்பதுபோலவே அச்சாகும். அந்த எண்பது வயது அம்மாள் நேற்றும் வந்தார். என் நாட்டிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

உங்களுக்கு ஏதோ தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்பதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. சுல்தானுடைய தொப்பி என்று நம்பி என்னை மறுத்திருந்தால், அது நம்பிக்கை என்று விட்டுவிடுவேன். தெரிந்தே மறுத்திருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை ஃபரீஹாவும் படித்தாள். "உடுங்க. வயசானவங்கள போட்டுக் குடையாதீங்க" என்றாள். இரவுப் பணிக்கு மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அவள் அத்தா இறந்து ஐந்தாண்டு ஆகிறது. அன்று உங்கள் வாசலில் என்ன நடந்தது என்று கேட்டால் கடைசிவரை காய்ச்சல் கதையைத்தான் சொன்னார்.

ஃபஹீம்

*

முல்லா வீதி, புதுச்சேரி
11 செப்டம்பர் 2024

மருமகள் ஃபரீஹாவுக்கு, ஃபஹீமின் தாய் கனீஸ் பாத்திமா எழுதுவது. உன் மீது ஸலாம் உண்டாகட்டும். நீயும் அய்மானும் நலமா? இரவுப் பணி உடம்பைக் கெடுக்கும். பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கு.

இந்தக் கடிதம் உனக்கு. படித்த பிறகு ஃபஹீமிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம்.

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். 1969இல் என்னை இந்த வீட்டில் கொடுத்தார்கள். எங்கள் அத்தா பிரெஞ்சு அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவர். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் மாப்பிள்ளையின் படிப்பைக்கூட அதிகம் கேட்கவில்லை. சுல்தான் தொப்பி வீடு என்றதும் சம்மதித்தார். நிக்காஹ் முடிந்த எட்டாம் நாள், தொப்பியின் உட்துணி கிழிந்திருப்பதைத் தைத்து வைக்கச் சொல்லி மாமியார் என்னிடம் கொடுத்தார்கள். கிழிசலுக்குள் மடித்த தாள் ஒன்று தைத்திருந்தது. "அது துஆ எழுதின கடுதாசி. தொப்பி கூடவே வந்தது. பிரிக்காத, அப்படியே வெச்சுத் தை" என்றார்கள். நான்கு தலைமுறையாக அப்படியே வைத்துத் தைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்து வந்த முதல் ஆள் நான். பிரித்துப் படித்தேன்.

அது துஆ அல்ல. மெல்ட்ரம் தன் சங்கத்தின் செயலாளருக்கு எழுதிய கடிதம். தபாலில் சேர்க்கச் சொல்லித் தொப்பியோடு கொடுத்திருக்க வேண்டும். எழுத்து என்றால் ஓதிய எழுத்துதான் என்று நினைத்தவர்கள், தொப்பியைச் சேர்ந்தது என்று எண்ணி உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். அவர் அங்கிருந்து பதில் வரும் என்று எத்தனை நாள் காத்திருந்தாரோ தெரியாது.

அதில் இருப்பதைத் தமிழில் தருகிறேன். எதையும் கூட்டவில்லை.

'ஐயா, தொப்பியைத் திருப்பி அனுப்புமாறு நீங்கள் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. என்னால் இயலாது. சென்ற மழைக்காலத்தில் எனக்கு வாந்திபேதி கண்டது. ஆலையில் என்னோடு வேலை செய்தவர்கள் ஒருவரும் அருகில் வரவில்லை. மதார் என்ற சாயக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் முற்றத்தில் இருபத்தோரு நாள் கிடத்திக் கஞ்சி ஊட்டினார். நீலச் சாயத்தில் அவர் கைகள் முழங்கை வரை நீலம். நான் கண் விழித்தபோதெல்லாம் முதலில் தெரிந்தது அந்தக் கைகள்தான். வியாழக்கிழமை அவர் மகனுக்குத் திருமணம். இந்த ஊரில் மணமகன் தலையை மூடாமல் உட்காரக் கூடாது. அவர்களிடம் நல்ல தொப்பி இல்லை. என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். விதி எனக்குத் தெரியும். வேண்டுமானால் என் பெயரை நீக்கிவிடுங்கள். தொப்பியைக் கேட்காதீர்கள். ஆர்ச்சிபால்ட் மெல்ட்ரம், 4 மார்ச் 1890.'

அவ்வளவுதான். சுல்தான் இல்லை. கப்பல் இல்லை. மகனுக்குத் தொப்பி வாங்க வழியில்லாத ஒரு சாயக்காரர் இருந்தார். தாளை எடுத்து என் குர்ஆன் பெட்டியில் வைத்தேன். பச்சை சாட்டின் வாங்கிப் புதிய உட்துணி தைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, ஃபஹீமின் அத்தா இறக்கும்வரை அவரிடமும். அந்தக் கதையைச் சொல்லும்போது மாமனாரின் முகம் எப்படி இருக்கும் என்பதை நீ பார்த்ததில்லை. அது ஒரு காரணம். என் அத்தா ஏமாந்தார் என்று ஊர் சிரிக்கும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது.

இப்போது உன் அத்தாவைப் பற்றி.

அவர் காலை ஏழு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்தது. பித்தளைத் தட்டில் புதுத் துணி விரித்திருந்தது. உள்ளே அழைக்கவில்லை. மெத்தை தைப்பவர் மகளுக்கு என் மகன் என்பதை நான் ஏற்கவில்லை என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் வந்தார். "ஒங்க வீட்டு வழக்கம்னு தம்பி சொல்லுச்சும்மா. வழக்கத்த உடக் கூடாதுன்னு வந்தேன்" என்றார். அவருடைய கைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. குளித்தும் போகாதது போலும்.

"சுல்தான் குடுத்த தொப்பி அது. பஞ்சு ஒட்டின கையெல்லாம் தொடறதுக்கு இல்ல" என்றேன்.

இதுதான் நான் சொன்னது. சொன்னபோது தாள் உள்ளறையில் இருந்தது. அதன் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். நீலக் கை என்ற வரியும்தான். நம்பிச் சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னேன். ஃபஹீம் கேட்ட கேள்விக்குப் பதில் அது.

உன் அத்தா என்னைப் பார்த்தார். தட்டிலிருந்த துணியை மடித்தார். "ஒடம்ப பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். காய்ச்சல் என்று அவர் உங்களிடம் சொன்னது இந்த ஆண்டு ஃபஹீமின் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் இறந்தபோது நான் வந்து துக்கம் கேட்கவில்லை. தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன். அதற்கும் முழங்காலைக் காரணம் சொன்னேன்.

மெல்ட்ரமின் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நகல் அல்ல, மூலம். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், அச்சுக்கு முன் வந்து சேர வேண்டும். நூலகரிடம் கொடுங்கள். அந்த எண்பது வயது அம்மாளுக்கும் காட்டுங்கள். அவர் குடும்பத்தில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்ததில் ஐம்பத்தைந்து ஆண்டு என் கணக்கு. மதார் சாயபு சாயக்காரர் என்றே புத்தகத்தில் அச்சிடச் சொல். இங்கே நூரீனிடம் நானே சொல்லிவிட்டேன். இதற்குள் மூலக்குளம் முழுவதும் தெரிந்திருக்கும்.

தொப்பி என்னிடம் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று முடிவு செய்யும் உரிமை எனக்கில்லை. உனக்கா, ஃபஹீமுக்கா, அந்த ஊருக்கா என்று நீ சொல்.

மன்னிப்பு என்ற சொல்லை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். அதை உன் அத்தாவிடம் கேட்டிருக்க வேண்டும். உன்னிடம் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், நர்சுகள் அப்படித்தான். நான் சொன்னதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பது எனக்கு வேண்டும். அது எதுவாக இருந்தாலும் படித்துக்கொள்வேன்.

தொலைபேசி வேண்டாம். நூரீன் மூலமும் வேண்டாம். ஃபஹீம் எழுத வேண்டாம். உன் கையால் எழுதிப் பதில் அனுப்பு.

கனீஸ் பாத்திமா